சினையாட்டின் தீனியும் குட்டியின் பிழைப்பும்

செஞ்சியில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையில், ஒரே வயதுடைய இரண்டு செம்மறிக் குட்டிகளுள் ஒன்று திரண்ட முதுகோடும், மற்றொன்று எலும்புந் தோலுமாகவும் நிற்பதைக் காணலாம். வியாபாரி முதலாவதற்கு நல்ல விலை கூறி, இரண்டாவதைத் தடவிப் பார்த்து விட்டுவிடுகிறான். விற்க வந்தவரைக் காரணம் கேட்டால், இனம் சரியில்லை என்பார். மழை இல்லை என்பார். மேய்ப்பவன் கவனிக்கவில்லை என்பார். இவற்றுள் ஓரளவு உண்மை இல்லாமற் போகவில்லை. ஆயினும் அவ்விரண்டு குட்டிகளின் ஏற்றத்தாழ்வில் பெரும்பங்கு, அவை தாய் வயிற்றிலிருந்த கடைசி ஆறு வாரங்களிலும், தாய்மடியைப் பற்றியிருந்த முதல் ஆறு வாரங்களிலும் தாயாட்டுக்குக் கிடைத்த தீனியினாலேயே நிர்ணயமாகிறது. இப்பன்னிரண்டு வாரத் தீனிக்கு மந்தைக்காரர் ஒருவரே பொறுப்பாளி அல்லர். அவர் கிடை கட்டும் நிலத்தின் சொந்தக்காரரும், மேய்ச்சல் நிலத்தைக் காக்கக் கடமைப்பட்ட கிராம உத்தியோகஸ்தரும் அப்பொறுப்பில் பங்குடையவர் ஆவர்.

மேய்ச்சலின் நிலைமை

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி வட்டத்தைச் சேர்ந்த அனந்தபுரமும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் மானாவாரிப் பூமி. பாறைக் குன்றுகள், முட்புதர், ஏரிக்கரைகள், அவற்றுக்கிடையே மல்லாட்டையும் நெல்லும் விளையும் வயல்கள் என்பதே இப்பக்கத்தின் அமைப்பு. தமிழ்நாட்டின் வடமாவட்டங்களுக்கு உரியது சென்னைச் சிவப்பு என்னும் செம்மறி இனம். இது கம்பளிக்காக அன்றி இறைச்சிக்காகவே வளர்க்கப்படுவது. பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே ஈனும். பெட்டையாடு ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ளது. குட்டி பிறக்கும்போது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ இருக்கும்.

2019 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட 20 ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலிருந்த செம்மறிகள் ஏறத்தாழ 45 லட்சம். இவற்றில் மிகப்பல, கொட்டகையில் தீனி போட்டு வளர்க்கப்படுவன அல்ல. காலையில் ஓட்டிச்சென்று மாலையில் பட்டிக்குத் திருப்பப்படுவன. ஆகவே ஆட்டின் வயிறு, வயல்களின் காலக்கணக்கைப் பொறுத்தே நிரம்புகிறது. தை மாதத்தில் அறுவடை முடிந்தபின் தாள் மேய்ச்சல் தாராளமாகக் கிடைக்கும். வைகாசி, ஆனியில் தரை காய்ந்து புல் கருகும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து புல் முளைப்பினும், வயல்களெல்லாம் பயிராயிருப்பதால் மந்தை வரப்போரங்களுக்கும் குன்றடிக்கும் ஒதுக்கப்படுகிறது.

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், அதாவது ஐந்து மாதம். ஆடியில் பொலிந்த ஆடு மார்கழியில் ஈனும். மாசியில் பொலிந்தது ஆடியில் ஈனும். முன்னதற்குச் சினையின் கடைசி ஆறு வாரம் ஐப்பசியின் பின்பகுதியிலும் கார்த்திகையிலும் விழுகிறது. பின்னதற்கு அது வைகாசி, ஆனியில் விழுகிறது. இரண்டும் மேய்ச்சல் சுருங்கிய காலங்களே. ஆட்டுக்கு எப்போது தீனி மிகவும் வேண்டுமோ, அப்போதே அதற்குத் தீனி மிகவும் குறைகிறது.

வயிற்றிலுள்ள குட்டி

சினையான முதல் மூன்று மாதங்களில் குட்டி மிகச் சிறிது. அக்காலத்தில் வளர்வது முக்கியமாக நஞ்சுக்கொடியே. இது இரண்டாம், மூன்றாம் மாதங்களில் முழு உருப்பெறுகிறது. தாயின் இரத்தத்திலிருந்து குட்டிக்கு வேண்டிய சத்தெல்லாம் இதன் வழியாகவே செல்லவேண்டும். ஆதலால் அம்மாதங்களில் கடும்பட்டினி நேர்ந்தால், பிற்காலத்தில் எவ்வளவு தீனி கொடுப்பினும் குட்டிக்குச் செல்லும் வழி குறுகியதாகவே இருக்கும். ஆயினும் அப்போது சாதாரண மேய்ச்சல் போதுமானது. மிகையான தீனி தேவையில்லை.

கடைசி ஆறு வாரங்களிலோ நிலைமை வேறு. பிறக்கும்போது குட்டிக்குள்ள எடையில் நூற்றுக்கு 70 பங்குக்குக் குறையாமல் இந்நாட்களிலேயே சேர்கிறது. தாயின் மடியும் இந்நாட்களிலேயே பால் சுரப்பதற்கேற்ப வளர்கிறது. அதே சமயத்தில் பெருத்துவரும் கருப்பை, வயிற்றில் தீனிக்குரிய இடத்தை நெருக்கி விடுவதால், ஆடு முன்போல் நிறையத் தின்ன முடிவதில்லை. காய்ந்த புல்லையும் தாளையும் எவ்வளவு தின்றாலும் வயிறு நிரம்புமேயன்றிச் சத்துச் சேராது. கொஞ்சத்தில் மிகுந்த சத்துள்ள தீனியே அப்போது வேண்டப்படுவது.

இவ்விஷயம் அனுபவத்தால் மட்டுமன்றி ஆராய்ச்சியாலும் நிலைநாட்டப்பட்டுள்ளது. வால்டன், ஹாமண்ட் என்னும் இங்கிலாந்து அறிஞர் இருவர், மிகப்பெரிய ஷயர் குதிரையையும் மிகச்சிறிய ஷெட்லாந்து மட்டக்குதிரையையும் இருவிதமாகக் கலந்து இனப்பெருக்கம் செய்து, முடிவை 1938 இல் வெளியிட்டனர். பெரிய தாய்க்குப் பிறந்த குட்டி, சிறிய தாய்க்குப் பிறந்த குட்டியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுள்ளதாயிருந்தது. தகப்பன் வழியும் தாய் வழியும் சேர்ந்து கிடைத்த இனக்கலப்பு ஒன்றே. வேறுபட்டது குட்டி வளர்ந்த வயிறு. பிறக்கும்போதுள்ள பருமனைத் தாயின் நிலைமை எவ்வளவு தூரம் ஆளுகிறது என்பது அதனால் விளங்கிற்று. பின்னர் வாலஸ் என்பார் கேம்பிரிட்ஜில் செம்மறிகளைக்கொண்டே நடத்திய ஆராய்ச்சிகள் 1948 இல் வெளிவந்தன. சினையின் இறுதியில் தீனி குறைந்த ஆடுகளின் குட்டிகள் எடை குறைந்து பிறந்தன. அத்தாய்களின் மடியும் சிறுத்திருந்தது. குட்டியின் தொடக்க வளர்ச்சி தாய்ப்பாலின் அளவையே பின்பற்றிச் சென்றது.

நல்ல கிடாவை விலைகொடுத்து வாங்கி, சினையாட்டைப் பட்டினி போடுவோர் இதைக் கவனித்தல் நன்று. கிடாவின் மூலம் வரும் இன நயம், தாய் வயிற்றில் தீனி இல்லாவிடில் வெளிப்பட இடமில்லை.

பிறந்த குட்டியும் பாலும்

மெலிந்த தாய்க்கு எடை குறைந்து பிறந்த குட்டிக்கு மூன்று ஆபத்துகள் உண்டு. முதலாவது குளிர். பிறந்த குட்டியின் உடலில் வெப்பம் உண்டாக்குவதற்கென்றே பழுப்பு நிறமான ஒருவகைக் கொழுப்பு இருக்கிறது. சிறிய குட்டியில் இக்கொழுப்புச் சொற்பம். உடலின் சூடும் விரைவில் வெளியேறிவிடும். மார்கழிப் பனியில் ஈரம் உலராமல் கிடக்கும் அத்தகைய குட்டி, எழுந்து மடியைத் தேடுவதற்குள்ளே விறைத்துப் போகிறது.

இரண்டாவது நோய். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதி தாய் வயிற்றிலேயே கிடைத்துவிடுகிறது. செம்மறிக் குட்டிக்கு அது கிடைப்பதில்லை. நஞ்சுக்கொடியின் அமைப்பு அதனைத் தடுக்கிறது. சீம்பால் ஒன்றே அதற்கு வழி. ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 50 மில்லி வீதம் முதல் ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கவேண்டும். அதாவது, இரண்டரைக் கிலோ குட்டிக்கு ஏறத்தாழ 125 மில்லி. ஒரு நாள் கழிந்தால், குடலின் வழியே அச்சக்தியை உட்கொள்ளும் திறன் மறைந்துவிடும். சினையின் இறுதியில் பட்டினி கிடந்த ஆட்டின் சீம்பால் தாமதமாகவும் குறைவாகவும் சுரக்கிறது. சீம்பாலைத் தீட்டென்று கறந்து கொட்டும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அது உடனே விடத்தக்கது.

மூன்றாவது பால் பற்றாக்குறை. குட்டி ஒரு கிலோ எடை கூடுவதற்கு ஏறத்தாழ ஐந்து கிலோ தாய்ப்பால் வேண்டும். பால் சுரப்பு, ஈன்ற இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரத்துக்குள் உச்சநிலையை அடைகிறது. அந்நாட்களில் தாய்க்குத் தீனி குறைந்தால், அது தன் உடற்கொழுப்பைக் கரைத்துச் சிலநாள் பால் கொடுக்கும். கரைப்பதற்கு ஒன்றுமில்லாத ஆடு குட்டியை உதைத்து விலக்கும். இவ்வாறு நலிந்த தாயாடு அடுத்த பருவத்தில் சினையாவதும் தாமதப்படுகிறது. ஒருமுறை செய்த சிக்கனம் இரண்டு ஈற்றுகளைப் பாதிக்கிறது.

ஆட்சேபமும் சமாதானமும்

சினையாட்டுக்குத் தீனி போட்டால் குட்டி பெருத்து, ஈனமுடியாமல் தாய் வருந்தும் என்ற அச்சம் பல கிராமங்களில் உண்டு. இது முற்றிலும் பொய்யன்று. கொட்டகையில் கட்டிக் கொழுக்க வைத்த ஆட்டுக்கு அந்த அபாயம் உண்டு. ஆனால் ஆனி மாதத்தில் காய்ந்த தரையில் நாளெல்லாம் நடக்கும் ஆட்டுக்கு ஒரு பிடித் தானியம் கொடுப்பதனால் அந்நிலை வாராது. நீண்டநேரம் வலியெடுத்து வருந்துவது பெரும்பாலும் பலமற்ற ஆடே.

எந்த ஆட்டுக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுக்கவேண்டாம் என்பதைக் கையாலேயே அறியலாம். இடுப்புக்கு முன்னுள்ள முதுகெலும்பின் மேலும், அதன் பக்கவாட்டு எலும்புகளின் நுனியிலும் விரல்களை அழுத்திப் பார்க்கவேண்டும். எலும்பு நுனி கூர்மையாய்க் கையில் குத்தினால் ஆடு மெலிந்தது. எலும்பே தட்டுப்படாவிடில் மிகக் கொழுத்தது. அழுத்தினால் மட்டும் உருண்டையாகத் தட்டுப்படின் தக்க நிலையிலுள்ளது. 1961 இல் ஆஸ்திரேலியாவில் இம்முறைக்கு மதிப்பெண் வகுக்கப்பட்டது. ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுக்கும் பழக்கம் உலகின் பல நாடுகளில் பரவியுள்ளது; ஈனுங்காலத்தில் மூன்றையொட்டி இருப்பது நன்று. இதற்கு ஒரு காசும் செலவில்லை.

செலவாகும் என்பது இரண்டாவது ஆட்சேபம். கணக்கிட்டுப் பார்க்கலாம். சினையாட்டுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் கலப்புத் தீனி வீதம் 42 நாளைக்கு ஆவது 8 கிலோ 400 கிராம். ஈன்றபின் 250 கிராம் வீதம் 42 நாளைக்கு ஆவது பத்தரைக் கிலோ. இரண்டும் சேர்ந்து 19 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முப்பது சினையாடுகள் உள்ள மந்தைக்கு மொத்தம் 567 கிலோ. இதன் விலையையும், அம்மந்தையில் சென்ற ஆண்டு பிறந்து இறந்த குட்டிகளின் விலையையும் எதிரெதிரே எழுதிப் பார்க்கட்டும். முழுத்தீனிக்கு வகையில்லாதவர், எலும்பு கூர்மையாயுள்ள ஆடுகளையும் இரட்டைக்குட்டி சுமக்கும் ஆடுகளையும் மட்டும் பிரித்துக் கொடுப்பினும் பலன் உண்டு.

கொடுக்கத்தக்க தீனி

கம்பு அல்லது சோளம் 40 பங்கு, பிண்ணாக்கு 25 பங்கு, தவிடு 32 பங்கு, தாது உப்புக் கலவை 2 பங்கு, சாதாரண உப்பு 1 பங்கு என நூறு பங்கு கலந்து வைத்துக்கொள்ளலாம். முதல்நாளே முழு அளவு கொடுக்கலாகாது. 50 கிராமில் தொடங்கி, பத்து நாளில் படிப்படியாக உயர்த்தவேண்டும். தானியத்தை ஒரேயடியாகத் தின்ற ஆட்டுக்கு வயிறு புளித்து உயிருக்கே ஆபத்தாகும்.

இதனினும் எளிதில் கைக்கெட்டுவது மல்லாட்டைக் கொடி. நெல் வைக்கோலில் புரதச்சத்து நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கே. இலை உதிராமல் உலர்த்திய மல்லாட்டைக் கொடியிலோ 8 முதல் 12 பங்கு வரை உண்டு. ஆடியில் விதைத்த மானாவாரி மல்லாட்டை ஐப்பசியில் பிடுங்கப்படுகிறது. மார்கழியில் விதைத்த இறவைப் பயிர் சித்திரையில் பிடுங்கப்படுகிறது. மார்கழியில் ஈனும் ஆட்டுக்கும் ஆடியில் ஈனும் ஆட்டுக்கும் தீனி வேண்டிய காலங்கள் இவற்றையடுத்தே வருகின்றன. பட்டிக்குத் திரும்பிய ஆட்டுக்கு இரவில் அரைக்கிலோ கொடி வைத்தால், ஆறு வாரத்துக்கு 21 கிலோவே ஆகும். அகத்தி, வேலிமசால், வாகைத் தழைகளும், நிழலில் உலர்த்திய கருவேல நெற்றும் இதற்குத் துணையாகும்.

ஐப்பசி அறுவடைக் கொடியில் ஓர் எச்சரிக்கை உண்டு. மழையில் நனைந்து பூசணம் பூத்த கொடியையும் பிண்ணாக்கையும் சினையாட்டுக்குக் கொடுக்கவே கூடாது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மாண்டதற்குக் காரணம், பிரேசிலிலிருந்து வந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சே எனக் கண்டறியப்பட்டது. அஃப்ளடாக்ஸின் எனப் பெயர்பெற்ற அந்நஞ்சு ஈரலைக் கெடுப்பது. பாலின் வழியாகவும் செல்வது. கொடியை நன்றாய் உலர்த்தித் தரையில் படாமல் பரண்மீது அடுக்கி வைத்தல் வேண்டும்.

தீனியோடு மருந்தும் சேரவேண்டும். துள்ளுமாரி நோய்க்குரிய தடுப்பூசியை ஈனுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன் போட்டால், தாய் பெறும் பாதுகாப்புச் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் செல்லும். குடற்புழு நீக்கமும் கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்யத்தக்கது. புழுவுக்கும் குட்டிக்கும் ஒருங்கே தீனியளிக்கத் தாயாட்டால் இயலாது. இரட்டைக்குட்டி சுமக்கும் ஆடு கடைசி வாரங்களில் தீனியை வெறுத்து, மந்தையை விட்டு ஒதுங்கி, கண் தெரியாததுபோல் நடந்தால், அதன் இரத்தத்தில் சர்க்கரை குன்றிவிட்டதென அறிந்து உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

நிலக்காரர் பங்கு

மேற்சொன்னவற்றை மந்தைக்காரரிடம் மட்டும் சொல்லி முடிப்பதில் பயன் குறைவு. கொடியும் தவிடும் தானியமும் விளைவது அவருடைய நிலத்தில் அல்ல. மந்தைக்காரரில் பலருக்கு நிலமே இல்லை. தீனி இருப்பது நிலக்காரரிடம். தீனி வேண்டுவது அவர் வயலில் இரவு தங்கும் ஆட்டுக்கு.

ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்பது உழவர் வாக்கு. சாதாரணத் தொழுவுரத்தில் நூற்றுக்கு அரைப்பங்கு தழைச்சத்து இருக்க, ஆட்டெருவில் 3 பங்கு உண்டு. இவ்வெருவுக்காகவே நிலக்காரர் கிடை கட்டச் செய்து, மந்தைக்காரருக்குப் பணமோ தானியமோ கொடுக்கின்றனர். அக்கூலியில் ஒரு பகுதியைச் சினையாடுகளுக்குக் கொடியாகவும் பிண்ணாக்காகவும் கிடையிலேயே கொடுத்தால், இருவருக்கும் லாபம். ஆடு தின்ற புரதத்தில் உடம்பில் சேராத பங்கு புழுக்கையிலும் மூத்திரத்திலும் அந்த வயலுக்கே திரும்புகிறது. நல்ல தீனி தின்ற ஆட்டின் கிடையே நல்ல எருவுள்ள கிடை. பட்டினியாட்டைக் கிடை கட்டி எரு எதிர்பார்ப்பது, நெல்லில்லாக் களத்தில் தூற்றுவதற்கு ஒப்பாகும். அன்றியும் குட்டிகள் இறந்து மந்தை குன்றினால், பின்னர்க் கிடை கட்ட ஆடேது? உரத்தைப் பையில் விலைகொடுத்து வாங்கும் செலவு நிலக்காரரையே சேரும்.

கிராம உத்தியோகஸ்தர் பங்கு

மேய்க்கால் புறம்போக்கு என்று கிராமக் கணக்கில் எழுதப்பட்ட நிலம், பேருக்கு மட்டும் இருப்பதாய் ஆகிவிடலாகாது. கர்ணமும் மணியக்காரரும் இருந்த காலத்திலும், 1980 க்குப் பின் அவர்களுக்குப் பதிலாகக் கிராம நிர்வாக அலுவலர் வந்த காலத்திலும், அந்நிலத்தின் எல்லையைக் காப்பது அவரவர் கடமையாகவே இருந்து வருகிறது. கிராமப் பொதுநிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றிப் பொது உபயோகத்துக்குத் திருப்பித் தரத் திட்டம் வகுக்குமாறு மாநில அரசுகள் அனைத்துக்கும் இந்திய உச்சநீதிமன்றம் 2011 ஜனவரியில் கட்டளையிட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, ஏழைப் பெண்களுக்கு வீட்டுக்கு நான்கு ஆடுகள் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆட்டைக் கொடுத்துவிட்டு, அது மேய ஓர் இடத்தைக் காட்டாவிடில், கொடுத்ததன் பயன் பாதியாகிவிடும்.

பொதுநிலம் முழுவதையும் ஒரே நாளில் மீட்பது எளிதன்று. ஆயினும் மேய்க்காலில் ஒரு பகுதியை வேலியிட்டு, ஆவணி முதல் மூடிவைத்து, ஐப்பசி பாதியில் சினையாடுகளுக்கும் ஈன்ற ஆடுகளுக்கும் மட்டும் திறந்துவிடுவது ஊர் கூடி முடிவு செய்தால் நடக்கக்கூடியதே. கோடையில் ஈனும் ஆடுகளுக்கு ஏரிக்கரையில் அகத்தியும் வாகையும் வைத்து வளர்க்கலாம். கால்நடை மருத்துவ முகாம் கூட்டும் நாளையும் ஈனும் பருவத்துக்கு ஒரு மாதம் முந்தி அமையுமாறு கேட்டுக்கொள்ளலாம்.

அனந்தபுரத்துப் பக்கத்து நிலக்காரர் சிலரேனும் வரும் ஐப்பசியில் இதைச் சோதித்துப் பார்ப்பது நலம். தம் வயலில் கிடை கட்டும் மந்தையில் பத்துச் சினையாடுகளுக்குக் கொடியும் கலப்புத் தீனியும் கொடுத்து, வேறு பத்தை வழக்கம்போல் விட்டு, இரண்டு வகைக் குட்டிகளையும் பிறந்த அன்றும் மூன்றாம் மாத முடிவிலும் தராசில் நிறுத்து ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். இறந்தவற்றையும் மறைக்காமல் எழுதட்டும். அக்குறிப்பை மந்தைக்காரரும் நிலக்காரரும் ஒன்றாயிருந்து படித்த பின், அடுத்த ஆண்டுக் கிடைக்கூலியில் தீனிக்கு எவ்வளவு என்று பேசி முடிப்பது எளிதாகும்.